கொருக்குப்பேட்டை கேட்

பன்னிரண்டே காலுக்குப் படுத்தேன்.
பன்னிரண்டு நாற்பதுக்கு இடுப்பு எழுப்பிவிட்டது.
கடன் கேட்டு வருகிறவன்கூட
கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவான்.

இடப்பக்கம் திரும்பினால்
பிட்டத்திலிருந்து குதிகால் வரை வெல்டிங் பொறி.
வலப்பக்கம் சுவர்.
மல்லாக்கப் படுத்தால்
பதினேழு வருஷம் ஓட்டிய டிரெய்லர்
ஏறி என்மேல் நிற்கிறது,
நாற்பதடி கன்டெய்னரையும் இறக்காமல்.

ஸ்டான்லியில் டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர்
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
பேனா முனையை வைத்தார்.
அவ்வளவுதானா என்றேன்.
எண்ணூர் ரோட்டில் ஒரு பைக்காரன்கூட
மூக்கை நுழைக்காத இடைவெளி.

பிசியோ அறையில் நிலோஃபர் மேடம் கேட்டார்:
பத்துக்கு எத்தனை வலி?
பகலில் நாலு.
ராத்திரியில்?
ராத்திரியில் எண்ண வராது மேடம்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.
தூங்காத உடம்புக்கு வலி கூடும்,
வலிக்கிற உடம்புக்குத் தூக்கம் ஓடும்,
முதலில் எது என்று தேடாதீர்கள் என்றார்.

தேடாமல் எப்படி?
பாலத்தடியில் இரண்டு டிரெய்லர்
மூக்கோடு மூக்கு நின்றால்
யாராவது ஒருத்தன் ரிவர்ஸ் எடுக்க வேண்டாமா?
இரண்டு பேரும் ஹாரன் அடிக்கிறார்கள்.
நடுவில் நான் கிளீனர் பையன் மாதிரி
கையை ஆட்டிக்கொண்டு.

ஒரு மணிக்குக் கீழே கேரம் முடிந்தது.
சிவப்பு விழுந்த சத்தம்,
பவுடர் டப்பா மூடும் சத்தம், யாரோ துப்பும் சத்தம்.
ஒன்றரைக்கு மூன்றாவது மாடி தயாளன் குழந்தைக்கு இருமல்.
இரண்டரைக்குக் காசிமேடு போகிற பெண்கள்
ஷேர் ஆட்டோவில் கூடைகளைத் திணிக்கிறார்கள்.
காற்று ஒருபக்கம் அடித்தால் மீன்,
இன்னொரு பக்கம் அடித்தால் மணலி.
இந்தத் தெருவின் ராத்திரி
வாட்ச்மேனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.
சம்பளம்தான் தருவதில்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை.
ஹார்பர் வரிசையில்
ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து
ஏழு நிமிஷம் தூங்குவேன்.
முன்வண்டி நகர்ந்ததும்
பின்வண்டிக்காரன் என் அம்மாவை இழுத்துத் திட்டி எழுப்புவான்.
மாதம் ஆயிரத்து நானூறு தவணையில் வந்த
இந்த மெத்தை
அந்த ஏழு நிமிஷத்தை ஒருநாளும் தந்ததில்லை.

மூன்று ஐந்துக்குக் கேட் போடுகிறான்.
மணிச் சத்தம் நாலு தெரு தாண்டி வருகிறது.
தூக்கம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் நிற்கிறது,
வண்டியை ஆஃப் பண்ணி
ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி.
நடுவே கூட்ஸ்.
நிலக்கரி ஏற்றிய முதுகெலும்பு
கண்ணி கண்ணியாக நெட்டி முறித்துக்கொண்டு
நகர்கிறது, நிற்கிறது, நகர்கிறது.

எண்ணுகிறேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
எமில்டா விழிக்கக் கூடாதென்று
மூச்சைப் பிடித்து ஒரு முழங்காலை மடக்குகிறேன்.
முப்பது. முப்பத்தொன்று.
தண்டவாள மூட்டில் இரும்பு தட்டித் தட்டி
நாற்பது.
நாற்பத்தொன்று.

கடைசிப் பெட்டியும் போய் கேட் தூக்கிவிட்டார்கள்.
ஐம்பத்தேழு என்றேன் உதட்டுக்குள்.

"அம்பத்தெட்டு" என்றது இருட்டு.

"நீ தூங்கல?"
"நான் முழிச்சினுகீறேன்னு தெரிஞ்சா
நீ எய்ந்து மாடிக்குப் பூடுவ. அதான்."
"எத்தினி நாளா?"
"தலகாணிய காலுக்கு நடுவுல வெச்சிக்கோ."

கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள்.
கூட்ஸ் எண்ணுவதில் தப்பமாட்டாள்.
அப்படியென்றால்
நாற்பதுக்கு மேல் எங்கேயோ ஒன்று
எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஒரு வேகன் நீளம்
தூங்கியிருக்கிறேன்.